எங்கள் பாரின் ஊமை டி.வி.

தம்பிகளா, நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஏழு நிமிடம் ஓடியது. அந்த ஏழு நிமிடத்தில் நான் ஒரு ஹாலையே கூட்டிப் பெருக்கி, மேஜையெல்லாம் துடைத்து முடித்திருப்பேன். கடைசி அரை நிமிடத்தில்தான் விஷயத்துக்கு வந்தீர்கள். அயோத்தியாப்பட்டணத்தில் நீங்கள் சேர்ந்திருக்கும் புது லாட்ஜின் பாரில் நான்கு டி.வி. மாட்டச் சொல்கிறார் முதலாளி. ஒன்றுகூட வேண்டாம் என்கிறார் மேனேஜர். நடுவில் சூப்பர்வைசர்கள் நீங்கள் முழிக்கிறீர்கள். "நீங்க சொல்லுங்கண்ணே, பாருக்கு டி.வி. வேணுமா வேண்டாமா?"

சரியான ஆளைத்தான் கேட்டீர்கள். சங்ககிரியில் ஒரே லாட்ஜில், ஒரே பாரில் இருபத்தெட்டு வருடம் சூப்பர்வைசராக நின்றவன் நான். உட்கார்ந்தவன் இல்லை, நின்றவன். அதற்குக் கூலியாகக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்த இருபத்தெட்டு வருடத்தில் டி.வி.யைக் கழற்றச் சொன்னவனும் நான்தான், திரும்ப மாட்டச் சொன்னவனும் நான்தான். இரண்டு பக்கத்தின் நியாயமும் எனக்குத் தெரியும். எந்தப் பிராண்டு, எத்தனை இஞ்ச், எந்தச் சுவர் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அதைக் கடைக்காரன் சொல்வான். கடைக்காரன் சொல்லாததை நான் சொல்கிறேன்.

முதலில் கழற்றிய கதை. ஒரு கிரிக்கெட் மேட்சில் நம் அணி தோற்றதும் ஒரு மகாராசன் கையிலிருந்த கிளாஸைத் திரையை நோக்கி வீசினான். திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழே உட்கார்ந்திருந்தவர் மண்டையில் இரண்டு தையல். நான் முதலாளியிடம் போய் நின்றேன். "டி.வி. இருக்கறதாலதானுங்க சண்டை வருது. கழட்டிருவோம்" என்றேன். அவரும் கழற்றச் சொல்லிவிட்டார். நான் ஏதோ ஊருக்கு நல்லது செய்துவிட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

முதல் வாரத்திலேயே மூன்று சண்டை. மேட்சு இல்லை, கட்சி இல்லை, சாதி இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாவது சண்டையை நானே பக்கத்திலிருந்து பார்த்தேன். எதிரெதிர் மேஜை, இரண்டு பேரும் தனியாக வந்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள். ஒருத்தன் எழுந்து, "என்னத்தடா மொறைக்கற?" என்றான். மற்றவன் பரிதாபமாகச் சொன்னான்: "நா எங்கடா மொறச்சேன்? எதுக்கால நீ உக்காந்திருக்கற. நா வேற எங்கதான்டா பாக்கறது?"

அடடா, என்ன நியாயமான கேள்வி! இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்துவிட்டு நான் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கூட்டமாக வருகிறவர்களுக்கு டி.வி. தேவையில்லை, அவர்கள் பேச வருகிறார்கள். தனியாக வருகிறவன் பேசாமல் இருக்க வருகிறான். அவனுக்குக் குடிக்கக் கிளாஸ் கொடுக்கிறோம், கடிக்கச் சுண்டல் கொடுக்கிறோம். கண்ணை எங்கே வைப்பான்? சட்டையைக் கழற்றி மாட்ட ஆணி வேண்டும் அல்லவா, அதுபோல் கண்ணை மாட்ட ஓரிடம் வேண்டும். மறுவாரமே முதலாளியிடம் போய் அசடு வழிந்து டி.வி.யைத் திரும்ப மாட்டினேன். அவர் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

திரும்ப மாட்டியதும் சத்தப் பிரச்சினை வந்தது. பழைய பாட்டு கேட்பவனுக்கு மேட்சுச் சத்தம் ஆகாது. மேட்சு பார்ப்பவனுக்கு நியூஸ் ஆகாது. நியூஸ் பார்ப்பவன் இருக்கிறானே, அவனுக்கு உலகத்தில் யாரையுமே ஆகாது. "கூட்டு", "கொற" என்று நாள் முழுக்க ஏலம். ரிமோட்டை ஒளித்து வைத்தால் செல்போனிலேயே ரிமோட் வைத்திருந்தார்கள் பாவிகள். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கிவிடச் சொன்னேன். "அண்ணே, அப்பறம் நீங்க கேட்டாலும் சத்தம் வராதுங்க" என்றார். "எனக்கெதுக்குப்பா சத்தம்? படம் ஓடட்டும் போ" என்றேன். அன்றிலிருந்து எங்கள் டி.வி. ஊமை. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே ஒரு மேஜையில் மட்டும் வினோதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை விசைத்தறிக்கு லீவு. எடப்பாடிப் பக்கத்துத் தறிக்காரர்கள் நாலைந்து பேர் வருவார்கள். ஊமை டி.வி.யைப் பார்த்து அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அப்படி என்னப்பா தெரியுது?" என்று அவர்களில் மாதேஸ் என்பவனைக் கேட்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும், சோடா புட்டிக் கண்ணாடி போட்டவன்.

"அந்த அம்மா வடை சுடறதெப்படின்னு சொல்லிக்கிட்டிருக்குதுங்க. உளுந்துல பாதி தண்ணி ஊத்தச் சொல்லுது. வடையா வரும்? கூழுதான் வரும்" என்றான்.

"உனக்கு எப்படிடா கேக்குது?"

"கேக்கறதெங்கீங்க? இருவது தறி ஓடற ஷெட்டுல பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காதுங்க. வாயப் பாத்துத்தான் பேச்சு. பதினஞ்சு வருசமா எம் பொழப்பே அதுதானுங்களே."

அதற்கப்புறம் அந்த மேஜைக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. மற்றவர்கள், "மாதேசு, அந்தாளு என்ன சொல்றான்?" என்று கேட்பார்கள். அவனும் சொல்வான். ஊருக்கே சத்தம் இல்லாத டி.வி. தறிக்காரனுக்கு மட்டும் பேசியது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அந்த ஒரு மதியத்தில்தான் இருக்கிறது.

ஹாலில் நாற்பது பேர் இருப்பார்கள். சங்ககிரி எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாற்பது பேரில் லாரி ஓட்டுகிறவன், லாரி வைத்திருக்கிறவன், லாரிக்கு டயர் போடுகிறவன், லோடு பிடித்துக் கொடுக்கிறவன் என்று முக்கால்வாசி லாரி ஜனம்தான். சுவரோரம் ராமசாமி என்பவர் தனியாக உட்கார்ந்திருந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய தம்பி செல்வராசு சொந்தமாக ஒரே ஒரு லாரி வாங்கி அவனே ஓட்டுகிறான். அண்ணன் தம்பிக்குள் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ராமசாமி மகள் கல்யாணத்தன்று செல்வராசு வடக்கே இந்தூரில் லோடு இறக்க முடியாமல் மாட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் பட்டுச்சேலையோடு வந்து வாசலில் நின்றான். ராமசாமி கேட்டைச் சாத்திவிட்டார். "இனி என் மூஞ்சீல முழிக்காத" என்று சொன்னதோடு தம்பியின் நம்பரையும் போனிலிருந்து அழித்துவிட்டார். இதெல்லாம் அவரே என்னிடம் சொன்னதுதான். இரண்டாவது ரவுண்டு தாண்டினால் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

டி.வி.யில் நியூஸ் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குப்புற விழுந்து கிடந்தது. ரோடெல்லாம் தக்காளி. கீழே எழுத்து ஓடியது: 'ஓட்டுநரின் கதி என்ன?' கேள்விக்குறி வேறு. தொப்பூரில் லாரி கவிழ்வது எங்களுக்குப் புதிதில்லை. இரண்டு பேர் "ச்சொ" கொட்டிவிட்டுக் கிளாஸை எடுத்தார்கள்.

அப்போது ஒரு பெயிண்டர் எழுந்து என்னிடம் வந்தார். லாரி நெற்றியில் சாமி பேர் எழுதுகிறவர், இந்த வட்டாரத்தில் பாதி லாரி அவர் கைதான். முகம் வெளுத்திருந்தது.

"சூப்ரவைசரு, அது என்ற எழுத்துங்க."

"எது?"

"அந்த லாரி மூஞ்சீல பாருங்க, 'அண்ணமார் துணை'. பாதிதான் தெரியுது. ஆனா அந்த 'ண்ண' சுழி நான் போட்டதுங்க. சுத்தியும் வெத்தலக்கொடி போட்டது இந்த ஒரு வண்டிக்குத்தான். செல்வராசு வண்டிங்க அது." சுவரோரம் கண்ணைக் காட்டினார். ராமசாமி தலையைக் குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் திரையைப் பார்க்கவில்லை.

தம்பிகளா, கவனமாகக் கேளுங்கள், இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். எனக்கு அந்த மனுசன் மேல் இரக்கம் வந்தது. மீனைத் தின்று முடிக்கட்டும், அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ரிமோட்டை எடுத்துச் சட்டென்று பாட்டுச் சேனலுக்கு மாற்றினேன்.

ஹால் அப்படியே நின்றுவிட்டது.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிய நாளிலிருந்து நான் ரிமோட்டைத் தொட்டதே இல்லை என்பது அத்தனை பேருக்கும் தெரியும். பெயிண்டர் வந்து காதில் பேசியதைப் பார்த்திருக்கிறார்கள். லாரி கவிழ்ந்த நியூஸை நான் மறைத்ததையும் பார்த்துவிட்டார்கள். "ஏனுங்க, ஏன் மாத்துனீங்க?" என்றார் ஒருவர். "எவன் வண்டிங்க அது?" என்றார் இன்னொருவர். ஒரே நேரத்தில் முப்பது போன் வெளியே வந்தது. "டேய் எங்கடா இருக்க? தொப்பூரு தாண்டிட்டியா?" "அம்மிணி, பையன் போன் பண்ணுனானா?" வீட்டிலிருந்து ஒரு பொம்பளை அழுகிற சத்தம் போனைத் தாண்டி எனக்கே கேட்டது. அவள் மகன் கோயமுத்தூர் ரோட்டில் எங்கோ பத்திரமாக டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறான், பாவம். ஒருத்தனிடம் சொல்லாமல் மறைக்கப் போய் நாற்பது பேர் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டிவிட்டேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

சேனலைத் திரும்ப மாற்றினேன். நேராக ராமசாமியிடம் போய், தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"ராமசாமியண்ணே, தொப்பூர்ல வண்டி ஒண்ணு கவுந்திருக்குது. நெத்தியில இருக்கறது தன்னோட எழுத்துங்கறாரு பெயிண்டரு. செல்வராசு வண்டின்னு சொல்றாரு. டிரைவருக்கு என்னன்னு இன்னும் தெரியல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதானுங்க."

தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் சரியாகச் செய்தது இது ஒன்றுதான்.

ராமசாமி திரையைப் பார்த்தார். பெயிண்டர் தன் போனில் செல்வராசு நம்பரைப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டார். ஸ்விட்ச் ஆஃப். ராமசாமி பைக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு ரவுண்டு உள்ளே போயிருக்கிறது, தொப்பூரோ ஒன்றரை மணி நேர ஓட்டம். நான் சாவியைப் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க. எந்தம்பிங்க."

"உங்க தம்பிதானுங்கண்ணே. நீங்களும் ரோட்டுல உளுந்து கெடந்தா அவனை யாரு பாக்கறது? லாட்ஜ் காரை வரச் சொல்றேன். பத்தே நிமிசம், உக்காருங்க."

அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அப்பப்பா! திரையில் ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவரைப் பற்றித்தான் சொல்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் போட்டவன் யார்? நான். "சத்தத்த வைங்க சூப்ரவைசரு!" என்று ஹாலே கத்துகிறது. சத்தம் வராது என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

"மாதேசு!" என்று கத்தினேன். "அந்தப் பொண்ணு என்ன சொல்லுது பாரு!"

மாதேஸ் அதற்குள்ளேயே எழுந்து டி.வி.க்கு அடியில் போய் நின்றிருந்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். "பிரேக் புடிக்கலைன்னு சொல்றாங்க… கிளீனருக்குக் கையில அடி… டிரைவரு…" நிறுத்திவிட்டான். "திரும்பிக்கிச்சுங்க. வாயி தெரியல."

ராமசாமி அவன் தோளைப் பிடித்திருந்தார். அவர் விரல் பதிந்த தடம் மாதேஸுக்கு மறுநாளும் இருந்ததாம்.

கேமரா லாரிப் பக்கம் போனது. ஜனங்கள் கூடையிலும் முந்தானையிலும் தக்காளியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தலையில் துண்டைக் கட்டிய ஒருத்தன், துண்டெல்லாம் ரத்தம், தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மறுமுனையை வேறெவனோ இழுத்துக்கொண்டிருந்தான்.

"அவந்தான்!" என்றார் ராமசாமி. "அவந்தான்யா! எந்தம்பிதான்! நிக்கறான் பாருங்க, நிக்கறான்!"

"'தார்ப்பாய உட்றா'ங்கறாருங்க" என்றான் மாதேஸ். "'தக்காளிய வேணா எடுத்துக்க, தார்ப்பாயில கைய வெச்ச…' அதுக்கப்பறம் சொல்றது சபையில சொல்ற வார்த்தை இல்லீங்க."

ஹால் வெடித்துச் சிரித்தது. முப்பது பேர் போனைக் கீழே வைத்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்துவிட்டது. இப்போது சொல்வதில் என்ன வெட்கம்? ராமசாமி மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்தபடி, "ரெண்டு வருசமாச்சு. எளச்சுப் போயிட்டான்" என்றார்.

அப்போது மாதேஸ் சொன்னான்: "அண்ணே, உங்களப் பத்திச் சொல்றாருங்க."

"என்னையவா?"

"பக்கத்து ஆளுகிட்டச் சொல்றாருங்க. 'எங்கண்ணனுக்கு மட்டும் சொல்லிறாதீங்க, பயந்துக்குவாரு'ன்னு."

ராமசாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மீன் தின்ற கை என்றுகூட அவருக்கு நினைவில்லை. "நாம்பாட்டுக்குக் கேட்டச் சாத்திப்போட்டேனே. நாம்பாட்டுக்குச் சாத்திப்போட்டேனே" என்று அழுதார். யாரும் தேற்றப் போகவில்லை. அழ விட்டோம். கார் வந்ததும் பெயிண்டர் துணைக்கு ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்பீக்கர் ஒயரை மாட்டச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே நான் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதேஸ் வந்தான். பெரிய உபகாரம் செய்தாய் சாமி, அன்றைக்கு நீ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் சங்கடமாக நெளிந்தான். என்னை வாஷ்பேசின் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"தார்ப்பாயப் பத்திப் பேசுனது நெசமுங்க. சத்தியமாச் சொன்னாரு."

"செரி."

"அந்த அண்ணனப் பத்தி… அப்பக் கேமராவே திரும்பிருச்சுங்க. அவரு முதுகுதான் தெரிஞ்சுது. நீங்களுந்தான் பாத்தீங்களே."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், முதுகுதான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"எளச்சுட்டான்னு சொன்னாருங்களே, அதக் கேட்டதும் வாயில தானா வந்திருச்சுங்க. தப்புத்தானுங்க. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா மாட்டிக்குவேன்" என்றான்.

எனக்கும் அதே பயம். தெரியாததைச் சொல்லக்கூடாது என்று உங்களுக்கு உபதேசம் செய்தேனே, அந்த நியாயப்படி அவனைத் திட்டியிருக்க வேண்டும். திட்ட மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு போ என்றேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டி.வி. வையுங்கள். நான்கு வேண்டாம், ஒன்று போதும். எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கட்டும். சத்தம் அளவாக இருக்கட்டும், ஆனால் ஒயரைப் பிடுங்காதீர்கள். ரிமோட் உங்கள் கையில் இருந்தாலும் ஜனங்களுக்காகத்தான் இருக்கிறது. ஒரு சேனலை அவசரமாக மாற்றுகிறீர்கள் என்றால் அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

இனி, மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்தார்கள். செல்வராசு நெற்றியில் தையல் தழும்பு. குடிக்க மாட்டான், சோடா கேட்டான். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்து மேஜையில் மாதேஸ். அவர்களைப் பார்த்ததுமே எழுந்து போகத் தயாரானான். அதற்குள் ராமசாமி கேட்டேவிட்டார்.

"ஏன்டா, அன்னைக்கு எனக்குச் சொல்ல வேண்டாம்னு சொன்னியாமே? பயந்துக்குவேன்னு?"

மாதேஸ் சுவரைப் பார்த்தான். சோடா பாட்டிலைத் திறந்த கை எனக்கு அப்படியே நின்றுவிட்டது. செல்வராசுவுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அவன் புருவத்திலேயே தெரிந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பின்ன?" என்றான். "நீங்க பயந்துக்குவீங்கல்லங்ணா."

ராமசாமி தன் தட்டிலிருந்த ஆம்லெட்டை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைத் தம்பி பக்கம் தள்ளினார்.